நான் அனுப்பிய வீடியோவும் சித்தப்பா நிறுத்திய மாத்திரையும்

போன வருஷம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நான் ஒரு வீடியோ போட்டேன். பதினோரு நிமிஷம். பைபோலார் என்பது மனசுப் பிரச்சினையே இல்லை, மூளையில் உள்ள கலங்களுக்குச் சக்தி போதாததுதான் காரணம், சாப்பாட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒருவர் நல்ல தமிழில் விளக்கியிருந்தார். கீழே நான் இப்படி எழுதினேன்: "சித்தப்பா கட்டாயம் பாருங்க. இது உங்க தப்பு இல்ல." ரெண்டு ஹார்ட் வேற.

சித்தப்பா பார்த்தார். மாத்திரையை நிறுத்தினார். யாருக்கும் சொல்லவில்லை. ஐந்து வாரம் கழித்து ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு லயத்துக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டு சித்தி எழும்பிப் பார்த்தால், மனுஷன் மாடி வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருக்கிறார். மழையில். அந்த வாரத்திலேயே ஒரு த்ரீவீலருக்கு லீசிங் போட்டிருந்தார். சித்தியின் சீட்டுக்காசு அதற்குத்தான் போயிருந்தது. நாலு நாள் தூக்கமில்லை, ஆனால் களைப்பே இல்லை. ஐந்தாம் நாள் அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணன்மார் ரெண்டு பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். நான் அப்போது கம்பஸில், எக்ஸாமுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விஷயமே எனக்கு லேட்டாகத்தான் தெரியும். மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்பது அதைவிட லேட்டாக.

நான் ஆர்ட்ஸ் படிக்கிறவள். ஓ.எல். விஞ்ஞானத்தோடு என் உயிரியல் முடிந்தது. ஆனாலும் அந்த வீடியோவில் எது உண்மை, எது கதை என்று தேடிப் படிக்காமல் எனக்கு நிம்மதியில்லை. படித்ததை வைத்து ஒரு அபிப்பிராயம் சொல்ல நினைக்கிறேன். சக்தி பற்றிய அந்தக் கருத்து நம்ம ஆட்களுக்கு ரொம்பத் தேவையான கருத்து. அதையே மருந்துக்கு எதிராக நிறுத்துவது ஆபத்தான வேலை. நான் ரெண்டையும் ஒரே ஷெயரில் செய்துவிட்டேன்.

ஏன் தேவை என்றால், தோட்டத்தில் ஒருத்தருடைய சக்தி கணக்குப் புத்தகத்தில் ஏறுகிற விஷயம். கொழுந்து எடுத்தால் கிலோ. கவ்வாத்து வெட்டினால் எத்தனை செடி. கணக்குக்குக் குறைந்தால் அரைப்பேர். 2016 கூட்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள்: அடிப்படைச் சம்பளம் 500 ரூபா, அதற்கு மேல் வருகைக்கு 60, கூடுதல் உற்பத்திக்கு 140, விலைப் பங்காக 30, எல்லாம் சேர்ந்தால்தான் பேப்பரில் போட்ட அந்த 730. அப்போது வருகைக் காசு கிடைக்க, வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் போயிருக்க வேண்டியிருந்தது. வருஷத்துக்கு ரெண்டு தரம், தரத்துக்கு ஆறு வாரம் படுக்கையை விட்டு எழும்ப முடியாமல் போகிற ஒரு ஆளுக்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது.

சித்தப்பாவுக்கு முதல் தடவை வந்தது அப்படித்தான். எனக்கு அப்போது ஆறு வயசிருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். நான் கூப்பிட்டால் திரும்புவதற்கே அரை நிமிஷம் ஆகும். பிரட்டுக்குப் போகவில்லை. காய்ச்சலா என்றால் இல்லை. அடிபட்டதா என்றால் அதுவும் இல்லை. அப்படியென்றால் என்ன? சோம்பேறி. பொண்டாட்டி உழைச்சுப் போடுறா, இவரு படுத்துக் கெடக்குறாரு. இதைச் சொன்னவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். இப்போது கேட்டால் பேச்சை மாற்றுவார்.

பிறகு அதே ஆள் ஒரு மாசம் நாலு பேர் வேலையை ஒருத்தராகச் செய்தார். பாட்டு, சிரிப்பு, கடன், சண்டை. அப்போது பேய் என்றார்கள். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோதைகளுக்குப் பக்கத்தில் வேலை என்பதால் ரோதமுனி பிடித்துவிட்டது என்று ஒரு பேச்சு. கோடாங்கி வந்து உடுக்கடித்து, சேவல் அறுத்து, கையில் கயிறு கட்டினார்கள். நான் கம்பஸ் போன புதிதில் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று கேலி பண்ணியிருக்கிறேன். இப்போது கொஞ்சம் வேறு மாதிரித் தோன்றுகிறது. பேயாவது வெளியே இருந்து வந்தது. அதை விரட்ட லயமே கூடி உட்கார்ந்தது. சோம்பேறித்தனம் என்றபோது ஒருத்தரும் கூட உட்காரவில்லை, அது அவருடைய சொந்தச் சொத்து என்று விட்டுவிட்டார்கள். கோடாங்கி அவரைக் குணப்படுத்தவில்லை. ஆனால் திட்டவும் இல்லை.

மூன்றாவதாக ஒரு விளக்கம் இருக்கிறது, அது உடம்பைப் பற்றியது என்று சொல்ல எனக்கு ஆசை வந்ததில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் இழைமணி என்று படித்திருப்பீர்கள். இந்தியாவில் மைட்டோகாண்டிரியா என்றே எழுதுகிறார்கள். எங்கள் சயன்ஸ் டீச்சர் அதைச் சொல்லிக்கொடுக்கும்போது ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். நோட்டன் பிரிட்ஜ் பிள்ளைகளுக்கு அதைவிட லேசான உதாரணம் கிடைக்காது. காசல்றீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் மலைக்குள் இறங்கி வந்து இங்கே விமலசுரேந்திர மின் நிலையத்தைச் சுற்ற வைக்கிறது. 1965இல் கட்டியது, 50 மெகாவாட். அங்கிருந்து நோட்டன் குளத்தில் விழுந்து, மறுபடி கீழே பழைய லக்சபானவுக்குப் போகிறது. கரண்ட் பிறக்கிற ஊர். (அந்தக் கரண்ட் மேலே லயங்களுக்கு ஏறி வர எத்தனை வருஷம் எடுத்தது என்று எங்கள் அப்பாயியிடம் கேட்டுப் பாருங்கள், அது தனிக் கட்டுரை.) கலத்துக்கு உள்ளேயும் அப்படியான மின் நிலையங்கள்தான், நூற்றுக்கணக்கில், சில கலங்களில் ஆயிரக்கணக்கில். நாம் சாப்பிடுவதையும் மூச்சில் இழுக்கும் ஒட்சிசனையும் வைத்து ஏ.டி.பி. என்கிற சக்தி மூலக்கூறை அவை உண்டாக்குகின்றன.

மூளை நம் உடல் எடையில் ஏறக்குறைய 2 வீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 வீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும் பங்கு ஒரு சலிப்பான வேலைக்குப் போகிறது: நரம்புக் கலத்துக்குள் வந்துவிட்ட சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பி. ராத்திரி பகல் ஓடவேண்டும். அது தடுமாறினால் நரம்புக் கலம் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாது, நிறுத்தவேண்டிய நேரத்தில் நிறுத்தாது.

பைபோலார் உள்ளவர்களில் இந்தச் சக்தி விவகாரம் வித்தியாசமாக இருக்கலாம் என்பது யூடியூப்காரர் கண்டுபிடித்தது அல்ல. ஜப்பானில் தடாஃபுமி கட்டோ என்ற மனநல ஆய்வாளர் 1990களிலேயே ஸ்கேன் முறை ஒன்றால் நோயாளிகளின் மூளையின் முன்பகுதியைப் பார்த்து, மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு அங்கே சக்தியைச் சேமித்து வைக்கும் பொஸ்போகிரியேட்டின் குறைந்திருப்பதாக எழுதினார். 2000இல் இழைமணிக் கோளாறுதான் இந்த நோயின் ஒரு அடிப்படை என்ற கருதுகோளை அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் முன்வைத்தார்கள். 2004இல் அமெரிக்காவில் கிறிஸ்டீன் கொன்ராடியின் குழு, இறந்தவர்களின் மூளையில் ஞாபகத்தோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியை ஆராய்ந்தது. இழைமணியின் சக்தி உற்பத்திக்குத் தேவையான மரபணுக்கள் பல, பைபோலார் இருந்தவர்களில் மந்தமாக இயங்கியிருந்தன. வேறு சிலர் மூளையில் லக்டேட் கூடியிருப்பதைக் கண்டார்கள். இழைமணி சரியாக வேலை செய்யாதபோது கலம் குறுக்கு வழியில் சக்தி எடுத்தால் மிஞ்சுகிற பொருள் அது.

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்: சக்தி குறைவு என்றால் சோர்வு புரிகிறது, ராத்திரி ரெண்டு மணிக்கு அத்திவாரம் வெட்டுவது எப்படி? வீடியோக்காரர் இதைத் தொடவே இல்லை. சில ஆய்வாளர்கள் சொல்வது, இது வெறும் பற்றாக்குறை இல்லை, தேவைக்கு ஏற்ப உற்பத்தியைக் கூட்டிக் குறைக்க முடியாமல் போவது என்று. மேனியா வேளையில் உற்பத்தி ஏறிப்போகிறது, சோர்வில் விழுந்துவிடுகிறது. அணைக்கட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். கோடையில் குளம் வற்றிப் பழைய பாதை தெரிவதும், அடைமழையில் கதவு திறக்கிறார்கள், ஆற்றுக்குப் போகாதே என்று பிள்ளைகளைக் கத்துவதும் ஒரே அணைக்கட்டுத்தான்.

இதெல்லாம் இன்னும் கருதுகோள். இழைமணி கெட்டதால் நோய் வந்ததா, நோயாலும் வருஷக்கணக்கான தூக்கமின்மையாலும் இழைமணி கெட்டதா என்று யாரும் முடிவாகச் சொல்லவில்லை. இறந்தவரின் மூளையைப் பார்க்கும்போது அவர் குடித்த மருந்து, சிகரெட், கடைசி நாட்களின் நோய் எல்லாம் சேர்ந்துதான் தெரியும். நம் ஊர்க் கிளினிக்கில் இரத்தம் எடுத்து "உங்க இழைமணி இவ்வளவு" என்று சொல்கிற டெஸ்ட் எதுவும் இல்லை. ஒரு கருதுகோளை எங்கள் குரூப்பில் வைத்தியர் சீட்டு மாதிரி நான் போட்டேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

வயிறெரிய வைத்தது அடுத்த விஷயம். சித்தப்பா நிறுத்தினது லித்தியம். 1949இல் அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்ற வைத்தியர் மேனியாவுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதிய மருந்து. அவர் இரண்டாம் உலக யுத்தத்தில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் மூன்று வருஷத்துக்கு மேல் ஜப்பானியரின் கைதியாக இருந்தவர். 70 வருஷத்துக்கு மேலாகியும் பைபோலாருக்கு அதைத் தாண்டி உறுதியாக ஒன்றைக் காட்டுவது கஷ்டம். தற்கொலை ஆபத்தைக் குறைப்பதாகத் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிற மருந்தும் அதுதான். ஆய்வுக்கூடங்களில் பார்த்தபோது, இழைமணியின் வேலையை லித்தியம் தூண்டிவிடுவதாகவும் கண்டிருக்கிறார்கள். அதாவது சக்திதான் பிரச்சினை என்று வாதத்துக்கு எடுத்துக்கொண்டாலும், அந்தப் பிரச்சினையில் கை வைக்கிற மாத்திரையைத்தான் சித்தப்பா என் பேச்சைக் கேட்டுத் தூக்கிப் போட்டார்.

லித்தியம் லேசான மருந்து என்று நான் சொல்லவரவில்லை. இரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் ஏறினாலும் நஞ்சு. கை நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும். சிறுநீரகத்தையும் தைரோயிட்டையும் இடைக்கிடை பார்க்கவேண்டும். வயிற்றோட்டம் வந்தாலோ, வெயிலில் வேர்த்துத் தண்ணீர் குடிக்காமல் விட்டாலோ, சட்டென்று உப்பைக் குறைத்தாலோ, இபுபுரோஃபன் மாதிரி வலிமாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டாலோ அளவு ஏறிவிடலாம். நம்ம ஆட்கள் விரதம் பிடிப்பார்கள், உடம்பு வலிக்கு மாத்திரை வாங்கிப் போடுவார்கள், இதைக் கிளினிக்கில் சொல்லமாட்டார்கள். சொல்லவேண்டும். மாத்திரை பிடிக்கவில்லை என்றால் அதையும் அங்கே போய்ச் சொல்லலாம். மாற்று மருந்து உண்டு. ஆனால் அதுவும் ஆளைப் பார்த்துத்தான். பரவலாகக் கொடுக்கிற வல்புரோவேட் கர்ப்பத்தில் உள்ள பிள்ளையைப் பாதிக்கக்கூடியது, பரம்பரை இழைமணி நோய் சிலது உள்ளவர்களின் ஈரலுக்கு ஆபத்தானது. சக்தி பற்றிய ஆராய்ச்சி உண்மையில் பிரயோசனப்படுகிற இடங்களில் இது ஒன்று. அதைப் பற்றி யாரும் பதினோரு நிமிஷ வீடியோ போடுவதில்லை.

வீடியோ போடுவது சாப்பாட்டைப் பற்றி. 2022இல் ஹார்வர்டில் இருக்கும் கிறிஸ்டோபர் பால்மர் என்ற மனநல வைத்தியர் எழுதிய 'பிரெய்ன் எனர்ஜி' புத்தகத்துக்குப் பிறகு கீட்டோ உணவு பேச்சாகிவிட்டது. மாச்சத்தை ஏறக்குறைய நிறுத்தி, கொழுப்பை முக்கிய எரிபொருளாக்குவது. ஸ்டான்ஃபோர்டில் பைபோலாரோ ஸ்கிசோஃப்ரினியாவோ உள்ள 21 பேரை வைத்து நாலு மாசம் செய்த சிறிய ஆய்வு 2024இல் வந்தது. பலருக்கு நல்ல மாற்றம் தெரிந்திருக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. அவர்கள் தங்கள் மருந்தையும் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், வைத்தியர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். பால்மரும் மருந்தைத் தானாக நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறார். தமிழுக்கு வரும்போது அந்த வரி மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது. நானும் குனிந்து தேடவில்லை.

லயத்து அடுப்பில் கீட்டோ என்றால் என்ன? காலையில் கோதுமைமா ரொட்டியும் கட்டச் சம்பலும், மத்தியானம் சோறும் பருப்பும், ராத்திரி திரும்ப ரொட்டி. மாச்சத்தை எடுத்துவிட்டால் தட்டில் சம்பல்தான் மிச்சம். முட்டையும் இறைச்சியும் பட்டரும் நாள் முழுக்க வாங்க யாரிடம் இருக்கு? சித்தப்பா அந்த ஐந்து வாரமும் என்ன சாப்பிட்டார் என்று சித்தியிடம் கேட்டேன். "ரொட்டிய தள்ளி வச்சிருவாரு. பின்னாடி மரத்துல பட்டர்ஃபுரூட் இருந்துச்சு, அத தின்னாரு. இல்லாட்டி ஒண்ணும் இல்ல." அது கீட்டோ இல்லை, பட்டினி.

இன்னொரு சங்கடமும் என்னால் வந்தது. இழைமணி அம்மா வழியாக மட்டுமே வருகிறது என்று அந்த வீடியோவில் ஒரு வரி. சித்தி வீட்டுப் பக்கம் யாரோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சாவு வீட்டில் வைத்து அப்பாயியிடமே, "ஒங்க ரத்தந்தானாமே" என்று கேட்டிருக்கிறார்கள். எழுபத்தாறு வயசு. அம்பது வருஷம் கூடை சுமந்த மனுஷி. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லையாம். இழைமணிக்குள் தனியாக இருக்கும் மரபணுக்கள் 37தான், அவை தாய் வழி வருவது சரி. ஆனால் ஒரு இழைமணி வேலை செய்ய ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். அவற்றில் 13ஐத் தவிர மற்றதற்கெல்லாம் குறிப்பு கலத்தின் கருவில் இருக்கிறது. அது அப்பா அம்மா ரெண்டு பேரிடமிருந்தும் வருவது. பைபோலாரும் ஒரே ஒரு மரபணுவால் வருகிற நோய் இல்லை. தம்பி தங்கச்சிமாருக்குக் கல்யாணம் பேசும் நேரத்தில் யாராவது "தாய் வழி நோய்" என்று ஆரம்பித்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். நான் அப்பாயிக்குச் சொன்னேன். "சரி சாமி" என்றார். நம்பினாரா தெரியாது.

உணவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தூக்கம். தூக்கம் குறைவது மேனியாவைக் கிளப்பிவிடும் என்பதில் வைத்தியர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. இழைமணியும் உடம்பின் பகல் இரவுக் கடிகாரத்தோடு கட்டுப்பட்டதுதான். சித்தப்பாவுக்கோ ஸ்டோரில் நைட் வேலை. பகலில் எடுத்த கொழுந்து ராத்திரி வாடி, விடியுமுன் ரோலருக்குப் போகும், அதற்கு ஆள் வேண்டும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. அவருக்கு வந்த மூன்று பெரிய மேனியாவில் ரெண்டு, தொடர்ந்து நைட் போட்ட மாசத்தில்தான் வந்தது. இதை நான் சொல்லவில்லை, சித்தி சொன்னது. கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்ற சித்தி.

ஒரு ஆளைப் பகல் வேலைக்கு மாற்றிக் கொடுக்க மரபணு ஆராய்ச்சி தேவையில்லை. வைத்தியரிடம் ஒரு கடிதம், துரையிடம் ஒரு பேச்சு, தலைவர் கூட வந்தால் இன்னும் நல்லது. மாசம் ஒருதரம் கிளினிக் போகும் நாளில் சம்பளம் வெட்டாமல் இருந்தாலே மாத்திரை ஒழுங்காகப் போகும். ஹட்டன் பஸ்ஸுக்கு விடியக் கிளம்பி, வரிசையில் நின்று, மருந்தெடுத்து வந்தால் ஒரு பேர் போச்சு. கூடப் போகிற சித்திக்கும் ஒரு பேர். சக்திப் பிரச்சினை என்று ஒரு சொல் நமக்குக் கிடைத்திருக்கிறது என்றால், தொழிற்சங்கக்காரர்கள் அதை இந்த இடத்தில் பிடித்துப் பேசலாம். நீரிழிவுக்கு நைட் வேலை வேண்டாம் என்று ஒருத்தர் கேட்டால் யாரும் சிரிப்பதில்லை. இதற்கும் அப்படிக் கேட்க முடியவேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருந்தால், ராத்திரியில் பயமாக இருந்தால், 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

சித்தப்பா இப்போது திரும்ப லித்தியத்தில் இருக்கிறார். த்ரீவீலர் போய்விட்டது, கட்டின காசும் கூடவே போய்விட்டது. அத்திவாரக் குழியில் சித்தி வாழை வைத்திருக்கிறார். பகல் வேலைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் இல்லை.

போன கிழமை குரூப்பில் அந்த வீடியோவைத் தேடி எடுத்து, அதற்குக் கீழேயே எது பிழை என்று நீளமாக எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன். அனுப்பும்போது ராத்திரி ஒன்றரை. ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன். சித்தப்பாவிடமிருந்து உடனே பதில் வந்தது.

"ரெண்டு மணி ஆகப் போகுது. நீ மொதல்ல தூங்கு."

நீங்க ஏன் முழிச்சிருக்கீங்க என்று கேட்டேன்.

"நைட் வேல."